கடற்கரையில் ஒன்று, காஞ்சியில் ஒன்று

சென்ற மாசி மகத்தன்று பேத்தியை அழைத்துக்கொண்டு மாமல்லபுரம் போயிருந்தேன். காஞ்சிபுரத்திலிருந்து செங்கற்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 65 கிலோமீட்டர். கடற்கரை மணலில் இருளர் குடும்பங்கள் கூடித் தங்கள் கன்னியம்மனைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஊருக்குள் தலசயனப் பெருமாள் கோயிலிலும் நல்ல கூட்டம். 108 திவ்ய தேசங்களில் ஒன்று, பூதத்தாழ்வார் அவதரித்த தலம் அல்லவா? கடற்கரைக் கோயிலில் மட்டும் படம் எடுப்பவர்கள்தான்.

"தாத்தா, இந்தச் சிங்கத்துக்கு ஏன் மூஞ்சியே சரியா இல்லை?" என்றாள் பேத்தி.

"உப்புக் காத்துக் கண்ணு, 1,300 வருஷமா அரிச்சிருக்கு" என்றேன்.

"அப்போ முன்னாடி எப்படி இருந்திருக்கும்?"

அந்தக் கேள்விக்கு விடை எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பது அப்போதுதான் உறைத்தது. கடற்கரைக் கோயிலைக் கட்டிய ராஜசிம்ம பல்லவன்தான், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், காஞ்சி கைலாசநாதர் கோயிலையும் கட்டினான். பெயரும் அதேதான். கைலாசநாதர் கோயில் கல்வெட்டில் 'ராஜசிம்ம பல்லவேஸ்வரம்' என்று இருக்கிறது. கடற்கரைக் கோயிலில் முதலாம் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு அங்குள்ள மூன்று சந்நிதிகளைக் குறிப்பிடுகிறது. அவற்றில் ஒன்று ராஜசிம்ம பல்லவேஸ்வரம். (ஒரே பெயரில் இரண்டு ஃபைல் இருந்தால் குமாஸ்தாவுக்குக் கண்ணில் படாமல் போகுமா?) இரண்டு கோயில்களிலும் கருவறைப் பின்சுவரில் சோமாஸ்கந்தர். இரண்டிலும் முன்னங்கால் தூக்கி நிற்கும் சிங்கங்கள். ஆனால் கடலோரத்தில் கருங்கல், காஞ்சியில் பெரும்பாலும் மணற்கல்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். காஞ்சிபுரத்தில் பதினோரு வருஷம் உத்தியோகம் பார்த்தவன் நான். ஒருநாள்கூடக் கைலாசநாதர் கோயிலுக்குள் கால் வைத்ததில்லை. ஏகாம்பரநாதர், காமாட்சி, வரதராஜர், அதோடு சரி. வெளியூர்க்காரர் வந்தால் பட்டுச் சேலைக் கடைக்குக் கூட்டிப் போவோம்.

என்னை அங்கே அனுப்பியது ஒரு பிரெஞ்சுப் புத்தகம். புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்த எங்களுக்கு 'முசே துப்ரேய்' தெரிந்த பெயர். அங்கே காலனியல் காலேஜில் விஞ்ஞானம் கற்பித்த ழுவோ துப்ரேய், தென்னிந்தியக் கோயில்களை ஊர் ஊராக அளந்து 1914-இல் இரண்டு பாகமாக எழுதினார். ராஜா பெயரைத் தேடுவதற்கு முன் தூணையும் கூடுவையும் பார், அவை காலத்தைச் சொல்லும் என்பது அவர் வழி. தூணின் அடியில் நிமிர்ந்த சிங்கம் நின்றால் அது ராஜசிம்மன் பாணி.

1931-இல் அவரே கைலாசநாதர் கோயிலில் பல்லவர் ஓவியங்களைக் கண்டுபிடித்தார். திருச்சுற்றில் 58 சிறு கோயில்கள் வரிசையாக உள்ளன. பிற்காலச் சுண்ணாம்புப் பூச்சு அவற்றின் ஓவியங்களை மறைத்திருந்தது. மணற்கல் உதிராமல் காக்க நல்லெண்ணத்தில் பூசியவர்களாக இருக்கலாம். ஆனால் அந்தப் பூச்சு பல சிற்பங்களின் மூக்கையும் விழியையும் மாற்றிவிட்டது. எனக்கு அதில் வருத்தம்தான்.

மறுநாள் பேத்தியை அங்கே கூட்டிப் போனேன். சிங்கத்தைத் தடவிப் பார்த்து, "இதுக்கு மூஞ்சி இருக்கு" என்றாள். அது பிற்காலச் சுதை என்றதும் முகம் வாடிவிட்டது. பிறகு ஒரு சிறு கோயிலுக்குள் குனிந்து பார்க்கச் சொன்னேன். மங்கிய சிவப்புக் கோட்டில் சோமாஸ்கந்தர். அம்மனின் ஒரு பகுதி, பக்கத்தில் குழந்தை.

"இது அசலா தாத்தா?"

"அசல்தான்" என்றேன்.

வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். காவலாளி வந்து நேரமாகிவிட்டது என்று சொன்ன பிறகுதான் எழுந்தோம்.