இண்டியானாபொலிஸ் வரை ஓடிய பச்சை மெர்க்குரி

கண்காட்சியில் பரிசுக்கு நிற்கும் கார்கள் இன்று பெரும்பாலும் சொந்தச் சக்கரத்தில் அங்கே வருவதில்லை. மூடிய டிரெய்லரில் ஏற்றி, நான்கு சக்கரத்தையும் பட்டை போட்டு இறுக்கி, மேலே மெத்தென்ற துணி போர்த்திக் கொண்டுவருகிறார்கள். இறக்கியதும் ஒருவர் குத்தவைத்து உட்கார்ந்து டயர் இடுக்கைப் பிரஷ்ஷால் துடைப்பார். மீட்டரில் ஏறுவது டிரெய்லரிலிருந்து புல்வெளி வரைக்குமான தூரம்தான். இதைக் குற்றம் சொல்ல முடியாது. அத்தனை பணத்தைக் கொட்டிய வண்டியைக் கல் தெறிக்கும் சாலையில் யார் விடுவார்கள்?

ஆனால் கம்பெனி வண்டியை வெட்டி ஒட்டித் தங்கள் விருப்பப்படி மாற்றும் கஸ்டம் கார் பைத்தியங்கள் இன்றுவரை தலையில் வைத்துக் கொண்டாடும் வண்டி அப்படிப் போன வண்டி அல்ல. 1953இல் கலிஃபோர்னியாவிலிருந்து இண்டியானாபொலிஸில் நடந்த கண்காட்சிக்கு அது சாலையிலேயே போனது. உரிமையாளர் பாப் ஹிரோஹாட்டாவே ஓட்டிப் போனார். அவர் பெயரே வண்டிக்கும் ஒட்டிக்கொண்டு, ஹிரோஹாட்டா மெர்க் என்றானது.

பிறந்தபோது அதற்கு எந்த விசேஷமும் கிடையாது. ஃபோர்டு கம்பெனியின் மெர்க்குரி பிரிவு 1951 மாடலாக விற்ற இரண்டு கதவு கூப்பே, அவ்வளவுதான். போருக்குப் பிறகு 1949இல் மெர்க்குரிக்குப் புது உடல் வந்தது. முன் மட்கார்டும் கதவும் பின் மட்கார்டும் தனித்தனியாகத் துருத்தாமல் ஒரே ஓட்டமாக இழைந்த, கொஞ்சம் தொப்பை போட்ட உடல். கம்பெனி விற்றது ஒரு நடுத்தரக் குடும்பக் கார். கலிஃபோர்னியாவின் தகர வேலைக்காரர்களுக்கு அது நன்றாக வெட்டி ஒட்டுவதற்கென்றே வந்த வண்டியாகத் தெரிந்தது. டாப் மட்டும் கொஞ்சம் உயரம், அதைக் குறைத்துவிட்டால் போதும் என்று நினைத்தார்கள்.

ஹிரோஹாட்டா கடற்படையில் இருந்த இளைஞர். இந்த மெர்க்குரியை செகண்ட் ஹேண்டில் வாங்கி, 1952இல் லின்வுட்டில் இருந்த பாரிஸ் சகோதரர்களின் பட்டறையில் விட்டார். சாம், ஜார்ஜ் என்று இரண்டு பேர். பின்னாளில் தொலைக்காட்சி பேட்மேனுக்கு வண்டி செய்து உலகப் புகழ் பெற்றவர் ஜார்ஜ். விளம்பரம், பேச்சு, படம் எடுப்பது எல்லாம் அவர் பக்கம். தகரத்தின் மேல் கை வைத்தவர் சாம். இந்த வண்டியைப் பற்றிப் பேசும்போது சாமின் பெயரை முதலில் சொல்வதுதான் நியாயம் என்பது என் கட்சி.

டாப்பைக் குறைப்பது என்று சொல்வது எளிது. தூண்களில் நான்கு இஞ்சு துண்டு எடுத்துவிட்டு மேலே இருப்பதைக் கீழே இறக்கினால், அது பொருந்தாது. தூண்கள் சாய்வானவை. கீழே போகப் போக முன் கண்ணாடிக்கும் பின் கண்ணாடிக்கும் இடையே உள்ள நீளம் அதிகம். ஆகவே இறக்கிய டாப் கீழே உள்ள உடலைவிடக் குட்டையாகிவிடும். அந்த இடைவெளியைத் தகரம் வைத்து நிரப்ப வேண்டும், பின் கண்ணாடியை இன்னும் படுக்க வைக்க வேண்டும். இந்த வண்டியில் முன்பக்கம் நான்கு இஞ்சும் பின்பக்கம் ஏழு இஞ்சும் குறைத்தார்கள். அதனால்தான் டாப்பின் கோடு நெற்றியிலிருந்து எழும்பி டிக்கி வரை தடையில்லாமல் வழிகிறது. அதோடு விடாமல், கதவுக்குப் பின்னால் நிற்கும் நடுத் தூணையே எடுத்துவிட்டார்கள். கண்ணாடியை இறக்கினால் பக்கவாட்டில் முன்னிருந்து பின்வரை ஒரே திறப்பு. தூண் போன இடத்தில் ஜன்னல் சட்டங்களை வளைத்துப் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. இந்த வண்டியின் படத்தைப் பார்க்கிறவர்கள் அந்த வளைவில்தான் கண்ணை நிறுத்துவார்கள்.

 

இன்றைய டிங்கரிங் கடையில் பள்ளத்துக்குப் பட்டி போடுகிறார்கள். அன்று அந்த வசதி வரவில்லை. ஈயமும் வெள்ளீயமும் கலந்த கட்டிதான். தகரத்தைப் பளபளவென்று தேய்த்து, முதலில் மெல்லிய வெள்ளீயப் பூச்சு கொடுப்பார்கள். பிறகு காஸ் சுடரை இடது கையால் வீசிக்கொண்டே ஈயக் கட்டியைக் காட்டுவார்கள். அது வெயிலில் வைத்த வெண்ணெய் மாதிரி இளகும், ஆனால் ஓடக் கூடாது. ஒரு கணம் சூடு கூடினால் தரையில் சொட்டிவிடும், குறைந்தால் ஒட்டாது. அந்த இடைப்பட்ட பதத்தில் எண்ணெய் தடவிய மரத்தட்டையால் தள்ளித் தள்ளிப் பரப்ப வேண்டும். ஆறியதும் அரம். உடல் முழுக்க இப்படி ஈயம் ஏறிய வண்டிகளுக்கு லெட் ஸ்லெட் என்றே பெயர் விழுந்தது.

மற்றதெல்லாம் கடன் வாங்கியவை. பக்கவாட்டில் ஓடும் குரோம் பட்டை 1952 பியூக்குடையது. பின் விளக்கு லிங்கனுடையது. முன்பக்கக் கிரில் ஃபோர்டின் துண்டுகளைச் சேர்த்துச் செய்தது. பின் மட்கார்டின் முகப்பில் காற்று வாய் வெட்டி, அதில் செவ்ரொலெட் கிரில்லின் பற்களை வரிசையாக வைத்தார்கள். எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று சொல்லாவிட்டால் தெரியாது. பியூக் பட்டைக்கு மேலே வெளிர் கடல்பச்சை, கீழே இருண்ட பச்சை. டாஷ்போர்டில் கோடு இழுத்தவர், கோட்டு ஓவியத்தில் பேர் போன வான் டச். அந்த டாஷ்போர்டின் பிளாஸ்டிக் குமிழ்களை மட்டும் ஹிரோஹாட்டா தாமே அடுக்கடுக்காக ஒட்டிக் கடைந்து செய்தார். வண்டியில் அவருடைய சொந்தக் கை பட்ட இடம் அது.

1952 நவம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸின் பான் பசிஃபிக் அரங்கில் மோட்டோராமா கண்காட்சி. அங்கே கூட்டம் இந்த வண்டியைச் சுற்றித்தான். கதை இங்கேயே முடிந்திருந்தால் அழகான கார்களின் பட்டியலில் இதுவும் ஒன்றாக இருந்திருக்கும்.

அடுத்த ஆண்டு இண்டியானாபொலிஸ். ஒரு வழிக்கே 2000 மைலுக்கு மேல், அதாவது 3200 கிலோமீட்டருக்குக் குறையாது. கன்னியாகுமரியிலிருந்து டெல்லிக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் இன்னும் கொஞ்சம் ஓட்ட வேண்டும். மெர்க்குரியின் சொந்த இன்ஜினை நம்பி ஹிரோஹாட்டா கிளம்பவில்லை.

அது ஃப்ளாட்ஹெட் வி8. 255 கன இஞ்சு, 112 குதிரைத்திறன். சத்தம் கேட்டால் கிறங்கிப்போகும் ரசிகர்கள் இன்றும் உண்டு. ஆனால் அதன் வடிவத்திலேயே ஒரு கோளாறு இருந்தது. வால்வுகள் ஹெட்டில் இல்லை, பிளாக்குக்குள் இருந்தன. எரிந்த புகை வெளியே போக வேண்டுமானால் பிளாக்கின் ஊடாக, குளிர்விக்கும் தண்ணீரைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். போகிற வழியெல்லாம் அந்தத் தண்ணீரைச் சூடாக்கிவிட்டுப் போகும். ஊருக்குள் ஓட்டினால் சமாளிக்கலாம். பாலைவன ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதிக்கும். ஆகவே கிளம்பும் முன் அதைக் கழற்றிவிட்டு 1953 காடிலாக்கின் இன்ஜினை ஏற்றினார். 331 கன இஞ்சு, 210 குதிரைத்திறன், வால்வுகள் மேலே ஹெட்டில், புகைக்குக் குறுக்கு வழி. பரிசுக்காக மட்டும் என்றால் பானட்டைத் திறந்து மினுக்கிக் காட்ட பழைய இன்ஜினுக்குக் குரோம் பூசியிருந்தாலே போதும். வேறு இன்ஜின் தேடியது தூரத்துக்காக.

இவ்வளவு தாழ்த்திய வண்டியை நெடுந்தூரம் ஓட்டுவது எப்படி இருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். பின்பக்கம் இறங்கினால் ஆக்ஸில் போய்ச் சேசிஸில் முட்டும். அதற்காகச் சேசிஸ் சட்டத்தில் ஆக்ஸிலுக்கு நேர் மேலே பிறை வடிவில் வெட்டி, வெட்டிய இடத்தைத் தகடு வைத்து வலுப்படுத்துவார்கள். முன்பக்கம் காயில் ஸ்பிரிங்கைக் குறுக்குவார்கள். பார்க்கத் தரையோடு ஊரும். ஆனால் ரயில்வே கேட்டின் மேடு, பெட்ரோல் பங்க்கின் ஏற்றம், பாலத்தின் விளிம்பு என்று ஒவ்வொன்றையும் கோணல் பிடித்து, ஒரு சக்கரமாக ஏற்றி இறக்க வேண்டும். முன் கண்ணாடி நான்கு இஞ்சு குறைந்த வண்டியில் சிக்னல் விளக்குக்குக் கீழே நின்றால் விளக்கு தெரியாது, குனிந்து பார்க்க வேண்டும். ஏ.சி. என்பது அன்று பெரும் பணக்காரர் சமாசாரம். நடுத் தூண் இல்லாததால் காற்று மட்டும் தாராளமாக வரும்.

சாலையும் இன்றைய சாலை அல்ல. ஐசன்ஹோவர் கையெழுத்திட்ட நெடுஞ்சாலைச் சட்டம் 1956இல்தான் வந்தது. 1953இல் தெற்குக் கலிஃபோர்னியாவிலிருந்து கிழக்கே போகிறவர்களின் பிரதான வழி ரூட் 66. பெரும்பாலும் எதிரும் புதிருமாக இரண்டே தடம், ஒவ்வொரு ஊரின் கடைத்தெருவுக்குள்ளும் நுழைந்து வெளியேறும். மொஹாவி பாலைவனத்தைப் பகலில் கடக்க அஞ்சி, பலர் அந்தி சாய்ந்தபின் கிளம்புவார்கள். முன் பம்பரில் கித்தான் தண்ணீர்ப் பை தொங்கும். அரிசோனாவில் ஃப்ளாக்ஸ்டாஃப் பக்கம் சாலை 7000 அடிக்கு மேல் ஏறும். பிறகு நியூ மெக்சிகோ, டெக்ஸாஸின் தட்டை நிலம், ஓக்லஹோமா. ஓக்லஹோமா சிட்டிக்கும் டல்சாவுக்கும் இடையே டர்னர் டர்ன்பைக் என்ற சுங்கச் சாலை அந்த ஆண்டு மே மாதம்தான் திறந்தது. அப்படி ஒரு வழவழப்பு அந்தத் தூரத்தில் வேறெங்கும் பெரிதாகக் கிடையாது.

இன்னொன்றும் உண்டு. இந்தப் பயணத்துக்கு 11 ஆண்டுகளுக்கு முன்னால்தான், 1942இல், மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை அமெரிக்க அரசு வீட்டிலிருந்து கிளப்பி முள்வேலி முகாம்களில் அடைத்தது. அவர்களில் பெரும்பான்மையோர் அமெரிக்கக் குடிமக்கள். அந்த வம்சத்து இளைஞர் ஒருவர், நாட்டிலேயே யார் கண்ணிலும் படாமல் தப்ப முடியாத ஒரு காரில், நடு அமெரிக்காவின் சிற்றூர்கள் வழியாகப் போகிறார். பெட்ரோல் போட நிறுத்தும் இடத்திலெல்லாம் ஜனங்கள் வண்டியைப் பார்த்துவிட்டுத்தான் ஆளைப் பார்த்திருப்பார்கள். அதை ஒரு அரசியல் அறிக்கையாக்குவது மிகை. ஆனால் வண்டியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கிரில்லில் எத்தனை துண்டு என்று எண்ணுகிற கவனத்தில் கால்பங்கை இதற்குக் கொடுக்கலாம்.

போய்ச் சேர்ந்தார், காட்டினார், திரும்பினார். இண்டியானாபொலிஸ் அரங்கில் நின்றதைவிட அதன்பின் அவர் எழுதியதுதான் பெரிய விஷயம் என்று நினைக்கிறேன். ராட் அண்ட் கஸ்டம் என்று சட்டைப் பைக்குள் அடங்கும் அளவில் ஒரு பத்திரிகை அந்த ஆண்டுதான் தொடங்கியிருந்தது. அதன் 1953 அக்டோபர் இதழில், நாட்டைக் குறுக்கே கடந்த பயணத்தைப் பற்றி அவரே கட்டுரை எழுதினார். கஸ்டம் கார் என்றால் சனிக்கிழமை இரவு டிரைவ் இன் ஓட்டல் வாசலில் நிறுத்திப் பார்ப்பதற்கான பொருள், நாலு மைல் போனால் படுத்துவிடும் என்று கேலி பேசியவர்கள் ஏராளம். அச்சில் வந்த ஒரு பயணக் கட்டுரை அவர்களுக்குப் போதுமான பதில்.

இதன்பிறகு வண்டிக்கு இறங்குமுகம். கஸ்டம் கார்களின் மவுசு எவ்வளவு சீக்கிரம் ஏறியதோ அவ்வளவு சீக்கிரம் இறங்கியது. ஹிரோஹாட்டா விற்றுவிட்டார். பச்சை போய் வேறு நிறம் ஏறியது. 1955இல் வந்த ‘ரன்னிங் வைல்டு’ படத்தில் மாமி வான் டோரனோடு சேர்ந்து தலை காட்டியது. கை மாறிக் கை மாறி, 1959இல் ஒரு பழைய கார் விற்கும் கடையில் நின்றது. ஜிம் மெக்நீல் என்ற பதின்வயதுப் பையன் 500 டாலர் கொடுத்து அதை எடுத்துப் போனார். சில காலம் அன்றாடத்துக்கு ஓட்டினார். 1960களில் கராஜில் நிறுத்தினார். கல்யாணம், குழந்தைகள், வேலை என்று ஆயுள் போயிற்று, வண்டியை மட்டும் விற்கவில்லை.

இடையில் 1981இல் ஹிரோஹாட்டா தம் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவர் யார் என்பது துலங்கவே இல்லை.

1980களின் இறுதியில் பாட் கனால் என்ற பத்திரிகையாளர் மெக்நீலைத் துளைத்தெடுத்து, வண்டியைப் பழையபடி மீட்கும் வேலையைத் தொடங்க வைத்தார். பணக்காரச் சேகரிப்பாளர் செய்கிற மாதிரி காசோலை கிழித்து முடித்த வேலை அல்ல. ஒரு சம்பளக்காரர் கை இருப்புக்கு ஏற்ப மெல்ல மெல்லச் செய்தது. வெட்டிய உடல், வளைத்த சட்டங்கள் எல்லாம் அப்படியே பிழைத்திருந்தன. மறுபடி இரண்டு பச்சையும் ஏறின. 2015இல் பெபிள் பீச் கண்காட்சி போருக்குப் பிந்தைய கஸ்டம் மெர்க்குரிகளுக்கென்று முதன்முறையாக ஒரு பிரிவு வைத்தபோது முதல் பரிசு இதற்கு. ரோல்ஸ் ராய்சும் புகாட்டியும் நிற்கும் புல்வெளி அது. 2017இல் அமெரிக்க வரலாற்று வாகனப் பதிவேட்டில் சேர்த்து, வாஷிங்டனில் நேஷனல் மாலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டினார்கள். 2018இல் மெக்நீல் காலமானார்.

குடும்பம் அதை 2022 ஜனவரியில் ஃபுளோரிடாவின் கிஸிமியில் ஏலத்துக்குக் கொண்டுவந்தது. கமிஷனும் சேர்த்து 21,45,000 டாலருக்குப் போனது. பானட்டுக்குக் கீழே இருந்தது 331 கன இஞ்சு காடிலாக். மெர்க்குரியோடு பிறந்த இன்ஜினைத் தேடிப் பிடித்து மாட்டியிருந்தால் 1952 மோட்டோராமாவில் நின்ற வண்டியை மீட்டதாகச் சொல்லிக்கொண்டிருக்கலாம். மெக்நீல் அதைச் செய்யவில்லை.