ஸ்டேஷன் வேகனிலிருந்து பேனல் டெலிவரி வரை: ஒரு ஜன்னலின் வரலாறு

பயணிகள் காரின் கூரையைப் பின்கோடி வரை நீட்டி, பின் இருக்கைக்கு அப்பால் சாமான் வைக்க இடம் விட்டு, சுற்றிலும் கண்ணாடி ஜன்னல்கள் வைத்துக் கட்டப்பட்ட வண்டியே ஸ்டேஷன் வேகன். பிரிட்டனில் இதை எஸ்டேட் கார் என்பார்கள். ஏறக்குறைய அதே உடலமைப்பில், ஓட்டுநரின் கதவுக்குப் பின்னால் ஜன்னலே இல்லாமல் இரும்புத் தகட்டால் மூடப்பட்ட சரக்கு வண்டி பேனல் டெலிவரி. காரின் முகப்பையும் அடிப்பாகத்தையும் கொண்டிருந்த வகையை அமெரிக்காவில் செடான் டெலிவரி என்று அழைத்தார்கள்.

தமிழில் வேகன் என்றதும் ரயில் சரக்குப் பெட்டிதான் நினைவுக்கு வரும். வேன் என்ற சொல்லோ ஆள் ஏற்றும் வண்டிக்கும் சரக்கு ஏற்றும் வண்டிக்கும் பொதுவாக வழங்குகிறது. அமெரிக்க, பிரிட்டிஷ் வாகன வரலாற்றில் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு இருந்தது. அது பெரும்பாலும் ஒரு ஜன்னல் கண்ணாடியின் வழியாகவே சென்றது. கண்ணாடி இருந்தால் ஆள் வண்டி, தகடு இருந்தால் சரக்கு வண்டி. தொழிற்சாலைகளும் வரி அதிகாரிகளும் நீதிமன்றங்களும் பழைய கார்ப் பிரியர்களும் இந்தக் கோட்டை வெவ்வேறு காரணங்களுக்காகக் கடந்திருக்கிறார்கள்.

மரக்கூண்டில் தொடக்கம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரயிலில் வந்து இறங்கும் பயணிகளையும் அவர்களுடைய பெட்டி படுக்கைகளையும் விடுதியில் கொண்டு சேர்க்க அமெரிக்க ஊர்களில் ஒரு வண்டி தேவைப்பட்டது. ஃபோர்டு மாடல் டி போன்ற கார்களின் அடிச்சட்டத்தை மட்டும் வாங்கி, அதன்மேல் மரத்தால் கூண்டு கட்டிக்கொண்டார்கள். ரயில் நிலையத்துக்குப் போய் வந்ததால் அதற்கு முதலில் டிப்போ ஹேக் என்றும், பிறகு ஸ்டேஷன் வேகன் என்றும் பெயர் வந்தது. அதே அடிச்சட்டத்தின் மேல் பக்கங்களைத் திறந்துவிட்டுப் பெஞ்சு போட்டால் பயணிகள் வண்டி. பக்கங்களை அடைத்துக் கதவு வைத்தால் கடைக்கான சரக்கு வண்டி. எதைக் கட்டுவது என்பது வாங்குபவரின் தேவையைப் பொறுத்தது.

1929-ல் ஃபோர்டு நிறுவனம் மாடல் ஏ வரிசையில் ஸ்டேஷன் வேகனைத் தன் சொந்தத் தயாரிப்பாகவே விற்கத் தொடங்கியது. அதற்கான மரம் மிச்சிகன் மாநிலத்தின் அயர்ன் மவுண்டன் பகுதியில் ஃபோர்டு நடத்திய மர ஆலையிலிருந்து வந்தது. மர உடல் பார்க்க அழகாக இருந்தாலும் பராமரிப்பது கடினம். வார்னிஷ் அடிக்கடி பூச வேண்டும். மழையிலும் வெயிலிலும் மூட்டுகள் தளரும், ஓடும்போது முனகும், கடைசியில் உளுத்துப் போகும். இந்தக் காலத்தில் வேகன் உடலும் டெலிவரி உடலும் தனித்தனியாகக் கட்டப்பட்டவை. ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதென்றால் கூண்டையே கழற்றிவிட்டு வேறு கூண்டு ஏற்ற வேண்டும். ஜன்னலை மட்டும் அடைத்தால் போதும் என்ற நிலை எஃகு உடல் வந்த பிறகே உருவானது.

எஃகு உடல் கொண்டுவந்த மாற்றம்

இரண்டாம் உலகப் போரில் ஜீப் தயாரித்துப் பெயர் பெற்ற வில்லிஸ் ஓவர்லேண்ட் நிறுவனம், 1946-ல் ஜீப் ஸ்டேஷன் வேகனை வெளியிட்டது. பெருமளவில் தயாரிக்கப்பட்ட வேகன்களில் முழுவதும் எஃகால் ஆன முதல் உடல்களில் இது ஒன்று. இதை வடிவமைத்தவர் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ். தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்க வில்லிஸுக்குக் கிடைத்தவை வீட்டு உபயோகப் பொருள்களுக்குத் தகடு அழுத்தும் ஆலைகளே. அந்த இயந்திரங்களால் தகட்டை ஆழமாக வளைக்க முடியாது. எனவே ஸ்டீவன்ஸ் ஆழமற்ற, தட்டையான வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார். மரவண்டிக்குப் பழகிய கண்களுக்காக அந்த எஃகின் மேல் மரச்சட்டம் போன்ற நிறம் தீட்டப்பட்டது.

மறு ஆண்டே வில்லிஸ் பேனல் டெலிவரி வந்தது. பக்க ஜன்னல்கள் இருந்த இடத்தில் தகடு. பின்னால் மேலும் கீழுமாகப் பிரியும் வேகன் கதவுக்குப் பதிலாக இருபுறமும் விரியும் இரட்டைக் கதவு. முகப்பும் அடிப்பாகமும் கூரையும் மாறவில்லை.

இதற்குப் பின்னால் இருந்தது செலவுக் கணக்கு. எஃகு உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் அழுத்தச்சு தேவை. அச்சு செய்யப் பெரும் பணம் ஆகும். ஆயிரக்கணக்கில் வண்டி விற்றால்தான் அந்த முதல் திரும்பும். டெலிவரி வண்டி அந்த அளவுக்கு விற்பனையாவதில்லை. வேகனின் அச்சுகளையே அதற்கும் பயன்படுத்தினால், குறைவாக விற்கும் வண்டியையும் நட்டமின்றிச் செய்யலாம். 1949-ல் பிளைமவுத் சபர்பன் என்ற எஃகு வேகன் வந்தது. அதே ஆண்டின் நடுவில் செவ்ரோலெட்டும் மரத்திலிருந்து எஃகுக்கு மாறியது. 1952-ல் ஃபோர்டும் எஃகு வேகன்களுக்கு வந்து சேர்ந்தது.

செடான் டெலிவரியின் காலம்

1952-ல் ஃபோர்டு தன் செடான் டெலிவரிக்கு கூரியர் என்று பெயர் சூட்டியது. அது ராஞ்ச் வேகன் என்ற இரண்டு கதவு வேகனோடு உடலைப் பகிர்ந்துகொண்டது. 1955 முதல் 1957 வரையிலான செவ்ரோலெட் செடான் டெலிவரியும் அதன் இரண்டு கதவு வேகனின் உடன்பிறப்பே. இரண்டு கதவு வேகனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. நான்கு கதவு வேகனில் பின்கதவையும் அதன் தூணையும் கீலையும் நீக்கிய பிறகே பக்கத்தை மூட முடியும். இரண்டு கதவு வேகனில் முன்கதவுக்குப் பின்னால் ஒரே நீண்ட ஜன்னல்தான். அந்த இடத்தில் தகடு வந்தால் வேலை ஏறக்குறைய முடிந்துவிடும்.

பூக்கடை, ரொட்டிக்கடை, சலவை நிலையம், மருந்துக்கடை, வானொலி பழுது பார்ப்பவர் என எடை குறைந்த பொருளை வீடு வீடாகக் கொண்டுபோகும் சிறு வணிகர்கள் இதை விரும்பினார்கள். காரைப்போல மென்மையாக ஓடியது, லாரியைப்போலக் குலுங்கவில்லை. மூடிய பக்கங்கள் சரக்கை வெயிலிலிருந்தும் திருடரின் கண்ணிலிருந்தும் காத்தன. அந்தப் பக்கங்களே விளம்பரப் பலகையும் ஆயின. கடையின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஓவியர்கள் தூரிகையால் எழுதினார்கள். வண்டி நின்ற இடமெல்லாம் கடைக்கு விளம்பரம்.

இந்தக் காலம் நீளவில்லை. ஃபோர்டு கூரியரும் செவ்ரோலெட்டின் பெரிய செடான் டெலிவரியும் 1960-ஓடு நின்றன. 1961-ல் ஃபோர்டு எக்கோனோலைன், செவ்ரோலெட் கோர்வேர் அடிப்படையிலான கோர்வான் ஆகிய பெட்டி வடிவ வேன்கள் வந்தன. ஓட்டுநரை முன்கோடியில் உட்கார வைத்ததால், குறைந்த நீளத்திலேயே கூடுதல் சரக்கு ஏற்ற முடிந்தது. காரின் நீண்ட மூக்கைச் சுமந்துகொண்டிருந்த செடான் டெலிவரியால் அதோடு போட்டியிட முடியவில்லை. 1970-களின் முதல் பாதியில் செவ்ரோலெட் வேகா பேனல் எக்ஸ்பிரஸ் வழியாக இதே யோசனை சிறிது காலம் மீண்டும் தலைகாட்டியது. வேகா சிறு வேகனின் பக்கக் கண்ணாடிகளுக்குப் பதில் தகடு பொருத்தியதே அந்த வண்டி.

வரி போட்ட கோடு

பிரிட்டனில் பயணம் எதிர்த்திசையில் நடந்தது. அங்கே 1940-ல் கொள்முதல் வரி அறிமுகமானது. 1951-ல் கார்களுக்கான வரி விகிதம் மூன்றில் இரண்டு பங்கை எட்டியது. சரக்கு வண்டிக்கோ இந்த அளவு வரி இல்லை. எனவே ஜன்னல் வைத்த எஸ்டேட் காரைவிட, அதே உடலின் ஜன்னலற்ற வேன் மிகவும் மலிவு. பணம் குறைந்த குடும்பங்கள் வேனை வாங்கி, அதையே காராக ஓட்டின. 1960-ல் வந்த மினி வேன் இப்படிப் பல வீடுகளின் முதல் வண்டியானது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் பக்க ஜன்னல் வெட்டினால் அது கார் ஆகிவிடும். தப்பிய வரியைக் கட்ட வேண்டும். 1973-ல் மதிப்புக் கூட்டு வரி வந்து கொள்முதல் வரி நீங்கும் வரை அங்கே கண்ணாடிக்கு இப்படி ஒரு விலை இருந்தது.

அமெரிக்காவில் இதே கோடு இன்னும் பெரிய வழக்காக வளர்ந்தது. அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு ஐரோப்பிய நாடுகள் வரி விதித்ததற்குப் பதிலடியாக, அதிபர் லிண்டன் ஜான்சன் 1963 டிசம்பரில் வெளியிட்ட ஆணை, இறக்குமதியாகும் சிறு சரக்கு வண்டிகளுக்கு 25 சதவீதச் சுங்கம் விதித்தது. கோழி வரி என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. பயணிகள் வண்டிக்கான சுங்கமோ 2009-ல் 2.5 சதவீதமாக மட்டுமே இருந்தது. 2009 முதல் ஃபோர்டு, துருக்கியில் தயாரான டிரான்சிட் கனெக்ட் வண்டிகளைப் பின் இருக்கை, இருக்கை வார், பின்பக்க ஜன்னல் எல்லாம் வைத்துப் பயணிகள் வண்டியாக இறக்குமதி செய்தது. கரை சேர்ந்ததும் பால்டிமோரில் இருக்கைகளைக் கழற்றி, பல வண்டிகளில் கண்ணாடிக்குப் பதில் தகடு பொருத்திச் சரக்கு வேனாக விற்றது.

2013-ல் சுங்கத்துறை இதை ஏற்க மறுத்தது. 2017-ல் பன்னாட்டு வணிக நீதிமன்றம் ஃபோர்டுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2019-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, அவை சரக்கு வண்டிகளே என்றது. 2024 மார்ச்சில் 36.5 கோடி டாலர் செலுத்த ஃபோர்டு ஒப்புக்கொண்டதோடு வழக்கு முடிந்தது. ஒரு வண்டி எதற்காகச் செய்யப்பட்டது என்பதை, துறைமுகத்தில் இறங்கும் நேரத்தில் அதில் கண்ணாடி இருக்கிறதா என்பதைக்கொண்டு மட்டும் தீர்மானிக்க முடியாது என்பதே அந்த வழக்கு விட்டுச்சென்ற பாடம்.

பட்டறையில் நடக்கும் மாற்றம்

செடான் டெலிவரிகள் குறைவாகவே தயாரிக்கப்பட்டவை; பெரும்பாலானவை ஓய்வின்றி உழைத்துத் தேய்ந்து காயலான் கடைக்குப் போய்விட்டன. அதனால் பழைய கார்ப் பிரியர்களில் சிலர், கிடைத்த பழைய வேகனைப் பேனல் டெலிவரியாக மாற்றுகிறார்கள். பார்வைக்கு எளிதாகத் தோன்றும் இந்த வேலை, டிங்கரிங் தெரிந்தவர்களுக்கே சவாலானது.

முதலில் துருவைப் பார்க்க வேண்டும். வேகனின் ஜன்னல் ரப்பருக்குக் கீழேயும் பின்கதவு ஓரத்திலும் பல்லாண்டுகளாகத் தண்ணீர் தங்கியிருக்கும். துருவை வெட்டி எடுக்காமல் மேலே தகடு மூடினால், நோய் உள்ளேயே வளரும். அடுத்தது தகட்டின் வடிவம். முழுத் தட்டையான பெரிய தகடு வண்டி ஓடும்போது பறைபோல அதிரும். கையால் அழுத்தினால் எண்ணெய் டின்னின் அடிப்பகுதிபோல டொக்கென்று உள்ளே போய் வெளியே வரும். இதைத் தவிர்க்கத் தகட்டுக்கு மெல்லிய புடைப்பு கொடுக்க வேண்டும். வேகனின் பக்கவாட்டிலும் கூரையிலும் ஏற்கெனவே உள்ள வளைவோடு அந்தப் புடைப்பு கண்ணுக்குத் தெரியாமல் சேர வேண்டும். உட்புறம் குறுக்குச் சட்டங்கள் தாங்க வேண்டும்.

வெல்டிங்தான் மிகவும் அபாயமான கட்டம். சுமார் 1 மில்லிமீட்டர் தகட்டில் ஒரே கோடாக வெல்டிங் ஓட்டினால், சூட்டில் விரிந்து, ஆறும்போது சுருங்கி, தகடு நெளிந்துவிடும். எனவே ஒரு புள்ளி இங்கே, அடுத்த புள்ளி எதிர்முனையில் என்று தாவித் தாவி வைத்து, ஒவ்வொன்றும் ஆறிய பிறகே அடுத்ததற்குப் போவார்கள். மீதி நெளிவைச் சுத்தியலால் தட்டி எடுத்து, கடைசியில் மெல்லிய பட்டி பூசுவார்கள். பட்டி தடித்தால் நாளடைவில் வெடிக்கும். கறுப்பு போன்ற அடர்நிறப் பெயிண்ட் சிறு அலையையும் காட்டிக்கொடுத்துவிடும்.

உள்ளேயும் வேலை உண்டு. பின் இருக்கையில் அமர்பவர் கால் வைக்கும் பள்ளத்தை மூடித் தரையைச் சமமாக்க வேண்டும். பக்க ஜன்னல் போனதால் ஓட்டுநருக்குப் பின்னால் வருவது தெரியாது. இருபுறமும் வெளிக்கண்ணாடிகள் அவசியம். எடை கூடிவிடும் என்ற அச்சம் தேவையில்லை. 6 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்குச் சுமார் 15 கிலோ. 1 மில்லிமீட்டர் எஃகுத் தகடு சுமார் 8 கிலோதான்.

அசலும் நகலும்

இந்த மாற்றத்தைப் பற்றிப் பழைய கார் உலகில் இரண்டு கருத்துகள் உண்டு. தொழிற்சாலையே அன்று வேகன் உடலில் தகடு பொருத்தித்தான் டெலிவரி வண்டி செய்தது, அதையே இன்று செய்வது மரபை மீறுவதாகாது என்பது ஒன்று. இன்று பழைய இரண்டு கதவு வேகன்களே அரிதாகிவிட்டன, ஓர் அரிய வண்டியின் நகலுக்காக இன்னொரு அரிய வண்டியை அழிக்கலாமா என்பது மற்றொன்று. துருப்பிடித்து, கண்ணாடியும் ஜன்னல் சட்டமும் கிடைக்காமல், வேகனாக மீட்க வழியற்றுப் போன உடலைத் தேர்ந்தெடுப்பது இவ்விரண்டுக்கும் நடுவிலான தீர்வாகக் கருதப்படுகிறது.

இரு தரப்பும் ஒத்துப்போகும் இடம் ஒன்று உண்டு. செவ்ரோலெட், ஃபோர்டு போன்ற நிறுவனங்கள் உடலில் பதித்த தகவல் தகட்டில் வண்டியின் வகைக்கான குறியீடு இருக்கும். வேகனாகப் பிறந்த வண்டியின் தகடு அதை வேகன் என்றே சொல்லும். அந்தத் தகட்டை மாற்றி, நகலை அசல் என்று விற்பது மோசடி. மாற்றத்தை ஒளிக்காமல் சொன்னால் அது கைவினை. ஜன்னலை மூடலாம், பிறப்பை மூடக்கூடாது என்பதே இத்துறையின் எழுதப்படாத விதி.