முப்பெருநரம்பு வலி: சத்திர சிகிச்சைக்குப் பின் பத்தாண்டுகள்

முகத்தின் உணர்ச்சி நரம்பாகிய முப்பெருநரம்பின் வலிக்கு, அதை நெருக்கும் இரத்தக் குழாயை அகற்றிச் செய்யப்படும் அழுத்த நீக்கச் சத்திர சிகிச்சை நோயைத் தீர்ப்பதன்று, சில ஆண்டுகள் ஒத்திப்போடுவதே என்றும், வலி ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் திரும்பிக்கொண்டேயிருக்கும் என்றும் ஓர் அபிப்பிராயம் நெடுநாளாக வழங்கி வருகிறது. பிட்ஸ்பர்கில் பீட்டர் ஜானெட்டாவும் அவருடைய சகாக்களும் செய்த சிகிச்சைகளைப் பற்றி 1996இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான அறிக்கையை அதற்குத் துணையாகக் காட்டுவாரும் உளர். அவ்வறிக்கையை நிதானமாக வாசித்தால் அதற்கு மாறான முடிவே கிட்டுகிறது என்பது என் துணிபு.

1,185 நோயாளிகளுள் 30 சதவீதத்தினருக்கு ஆய்வுக் காலத்தில் வலி திரும்பியது. பத்தாண்டு முடிவில் 70 சதவீதத்தினர் மருந்தின்றி வலி நீங்கியிருந்தனர். இவ்விரண்டையும் கூட்டினால் நூறு வருவதைக் கண்டு, ஒன்று மற்றொன்றின் மிச்சம் என்று கொண்டதிலேதான் பிழை தொடங்குகிறது. முன்னது ஒருமுறையேனும் வலி மீண்டவர் அனைவரையும் எண்ணிய கணக்கு. பின்னதோ, வலி மீண்டதால் இரண்டாம் முறை சிகிச்சை பெற்ற 11 சதவீதத்தினரின் பலனையும் உட்கொண்ட இறுதி நிலையின் மதிப்பீடு. ஆகவே அந்த எழுபதை ஒரே சிகிச்சையின் வெற்றியென நோயாளியிடம் கூறுதல் தகாது. அவ்வாறே, அந்த முப்பதை நிரந்தரத் தோல்வியென எழுதுதலும் தகாது.

இதனினும் முக்கியமானது வலி திரும்பிய காலம். வலியின் மீட்சிகளுள் பெரும்பாலானவை முதலிரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே நேர்ந்துவிட்டன; ஐந்தாண்டு கழிந்தபின் ஆண்டு விகிதம் 2 சதவீதத்துக்கும், பத்தாண்டு கழிந்தபின் 1 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. நோய் தன்னியல்பாலேயே மெல்ல மெல்ல மீள்வதாயின் இவ்வாறு முற்பகுதியில் திரண்டு பிற்பகுதியில் அருகுவானேன்? மீட்சியை முன்னறிவிக்கும் குறிகளாக அறிக்கை கண்டவற்றுள், சிகிச்சை முடிந்தவுடன் வலி நில்லாமையும், நரம்பை நெருக்கியது தமனியாயிராமல் சிரையாயிருந்தமையும் இடம்பெறுகின்றன. தமனியை நரம்பினின்று விலக்கி, இடையே டெஃப்லான் பஞ்சை வைத்துவிடலாம். சிரையோ பல இடங்களில் விலக இடந்தராது, அதைச் சுட்டுத் துண்டிக்க வேண்டியதாகிறது. துண்டித்த இடத்தருகே புதுச் சிரைகள் கிளைத்து நரம்பைத் தொட்டுக் கிடந்தமை மறுசிகிச்சைகளில் கண்கூடாகக் காணப்பட்டிருக்கிறது. எனவே, தொடக்க ஆண்டுகளின் மீட்சிகளுள் பெரும்பகுதி, அன்றே முற்றுப்பெறாத சிகிச்சை பின்னர் வெளிப்பட்டதேயன்றி, முற்றுப்பெற்ற சிகிச்சையின் பலன் தேய்ந்ததன்று என அனுமானிக்க இடமிருக்கிறது.

இந்த அனுமானத்துக்கு எல்லையுண்டு. நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த காலத்தின் இடைநிலை 6.2 ஆண்டுகளே, பத்தாம் ஆண்டைப் பற்றிய கூற்று அதைக் கடந்தும் தொடர்பிலிருந்த சிலரின்மேல் நிற்கிறது. எனினும், மீட்சி விகிதம் ஆண்டுதோறும் இறங்குவதைக் காட்டும் வளைவின் வடிவம் முதல் ஐந்தாண்டுகளுக்குள்ளேயே தெளிவாகிவிடுவதால், இந்த ஐயம் அதன் பிற்பகுதியைத்தான் தீண்டும். இச்சிகிச்சைகள் ஒரே மருத்துவமனையின் தேர்ந்த கைகள் செய்தவை என்ற ஆட்சேபம் வெற்றியின் அளவைப் பற்றியது. மீட்சியின் காலவரிசையைப் பற்றியதன்று. அழுத்தம் நீங்கியதால் அன்று, சிகிச்சையில் நரம்பு காயப்பட்டதாலேயே வலி நின்றது என்பாருக்கு, வலி நீங்கியவர்களுள் மிகப் பெரும்பாலோரின் முகத்தில் தொடுவுணர்ச்சி குன்றாதிருந்தமையே போதிய விடை.

எட்டாண்டுக்கு மேல் வலியை அனுபவித்த பின்னர் சிகிச்சைக்கு வந்தோரிடம் மீட்சி மிகுந்திருந்தது என்பதும் அதே அறிக்கையின் முடிவு. காலதாமதமே காரணம் என்று இதைக்கொண்டு மட்டும் அறுதியிட இயலாது. நெடுநாள் காத்திருந்தோரின் நோய் இயல்பிலேயே வேறாயிருந்திருக்கலாம். ஆயினும், முகம் கழுவவும், ஒரு கவளம் சோறு மெல்லவும் அஞ்சும் ஒருவருக்கு, இவ்வலிக்குத் தரப்படும் கார்பமசெபின் என்னும் மருந்தின் அளவை ஆண்டுதோறும் ஏற்றிக்கொண்டே போய், பலன் நில்லாது என்ற நம்பிக்கையால் சத்திர சிகிச்சையைக் கடைசி முயற்சியாக ஒதுக்கி வைக்கும் வழக்கம், தான் அஞ்சும் தோல்விக்குத் தானே துணைபோகக்கூடும். இனி வரும் ஆய்வுகள், நெருக்கியது தமனியா சிரையா என்பதையும், கண்விழித்த அன்றே வலி நின்றதா என்பதையும், எத்தனை ஆண்டு வலிக்குப்பின் நோயாளி வந்தார் என்பதையும் தனித்தனியே பிரித்து, முதற் சிகிச்சையின் பலனை இரண்டாவதன் பலனோடு கலவாமல் வெளியிடுதல் வேண்டும்.