நடைவண்டி

நடைவண்டி என்பது நிற்கப் பழகிய குழந்தை பிடித்துத் தள்ளியபடி நடப்பதற்காக மரத்தில் செய்யப்படும் மூன்று சக்கர வண்டி. பேச்சுவழக்கில் நடவண்டி. கதவும் நிலையும் செய்து மிஞ்சிய துண்டுக் கட்டைகளைக் கொண்டு தச்சர்கள் இதைச் செய்து கொடுப்பது தமிழ்நாட்டில் நெடுநாளைய வழக்கம். முக்கோண அடிச்சட்டம், முன்னால் ஒரு உருளை, பின்னால் இரண்டு, சட்டத்திலிருந்து எழும் இரு கால்கள், அவற்றை இணைக்கும் கைப்பிடி ஆகியவையே இதன் உறுப்புகள். மூன்று உருளைகள் என்பதால் மேடுபள்ளமான மண் தரையிலும் மூன்றுமே தரையைத் தொட்டு நிற்கும். நான்கு வைத்தால் ஏதாவது ஒன்று அந்தரத்தில் நிற்க, வண்டி ஆடும்.

பிள்ளைகளுக்குத் தச்சர் வண்டி செய்து தருவதைச் சங்க இலக்கியமே பதிவு செய்திருக்கிறது. குறுந்தொகையின் 61ஆம் பாடலில், ஏறிச் செல்ல முடியாவிட்டாலும் தச்சன் செய்த சிறிய வண்டியைக் கையால் இழுத்து மகிழும் சிறுவர்கள் வருகிறார்கள். பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுதேருக்குச் சக்கரம் மூன்று; குதிரை கிடையாது. காயப்போட்ட தானியத்தைக் கவர வந்த கோழியின்மீது பெண்கள் எறிந்த காதணி அந்தத் தேரின் வழியை மறிக்கிறது. இவை விளையாட்டு வண்டிகளே, நடை பழக்கும் வண்டிகள் அல்ல. ஆயினும் நடைவண்டியின் மூன்று சக்கர அமைப்புக்கு மிக நெருக்கமான பழைய சான்று பட்டினப்பாலைதான். பிள்ளைத்தமிழ் இலக்கணம் சிறுதேர்ப் பருவத்தை ஆண்பாலுக்கு மட்டும் ஒதுக்கியது. நடைவண்டியோ ஆண், பெண் இரு குழந்தைகளுக்கும் பொது.

கழிவு மரம் மலிவு என்பதற்காக மட்டும் இதற்கு ஏற்றதாகவில்லை. பழைய வீட்டின் உத்தரமோ சன்னல் சட்டமோ பல ஆண்டுகள் காய்ந்து, சுருங்க வேண்டிய அளவு சுருங்கிவிட்ட கட்டை. புது மரத்தில் செய்த வண்டி சில மாதங்களில் முறுக்கிக்கொள்ளலாம். வைரம் பாய்ந்த பழைய தேக்கில் அந்த அச்சம் குறைவு. வேம்பு, பூவரசு, வாகை ஆகியவையும் ஏற்றவை. ஆனால் கிடைத்ததையெல்லாம் எடுத்துவிடக் கூடாது. பழைய கதவின் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். வீட்டு பெயின்ட்டில் ஈயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் வைக்க வேண்டும் என்ற இந்திய விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய கதவுகள் நம் ஊர்களில் ஏராளம். அத்தகைய மரத்தைத் தேய்த்தால் ஈயத்தூசி பறக்கும் என்பதால் அதை ஒதுக்கிவிடுவதே நல்லது. சரக்குப் பெட்டிகளின் அடிப்பலகையில் சூடேற்றிப் பதப்படுத்தியதைக் குறிக்கும் எச்.டி. முத்திரை இருந்தால் எடுக்கலாம். எம்.பி. முத்திரை மீத்தைல் புரோமைடு புகையூட்டியதைக் குறிக்கும். அது குழந்தைப் பொருளுக்கு வேண்டாம். கரையான் அரித்தது, எண்ணெயோ இரசாயனமோ ஊறியது, கணு நிறைந்தது ஆகியவையும் கூடாது. எஞ்சியவற்றில் பழைய ஆணிகளை முழுவதும் பிடுங்கிய பிறகே இழைப்புளியை வைக்க வேண்டும்.

கைத்திறன் முழுதும் தெரிவது உருளையில். பருத்த கிளையைக் குறுக்கே வில்லையாக அறுத்தால் சக்கரம் தயார் என்று தோன்றும். அந்த வில்லை காயும்போது, நடுவிலிருந்து விளிம்புக்குச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு வளையங்களின் சுற்றுப்போக்கில் சுருங்கும். அதனால் விளிம்பிலிருந்து மையம்வரை வெடிப்பு விழும். பலகையிலிருந்து வெட்டிய வட்டமும் ரேகையின் போக்கில் பிளக்கக் கூடியதே. அரை அங்குலப் பலகைகள் இரண்டை, ரேகைகள் ஒன்றுக்கொன்று குறுக்காக இருக்கும்படி பசையிட்டு ஒட்டி, ஒரு நாள் இறுக்கி வைத்துப் பிறகு அறுப்பதே தீர்வு. நான்கு அங்குல விட்டம் போதும். வட்டத்தை வரைந்ததும் முதலில் மையத் துளையைப் போட்டுவிட்டுத்தான் விளிம்பை அறுக்க வேண்டும். அறுத்த பின் மையம் தேடினால் வண்டி நொண்டும்.

அச்சு நேரான ரேகையுள்ள கட்டையாக இருக்க வேண்டும். உருளைகளைத் தடையின்றிச் சுழலவிடுவது இங்கே பிழை. பேரிங் போட்ட வண்டி குழந்தையின் கையை விட்டு முன்னே ஓடிவிடும். மரத்தோடு மரம் உரசும் இறுக்கமே தடுப்பான். கடையாணியைத் துளையில் அழுத்தி இறக்கி, பிதுங்காதபடி ஒட்டிவிட வேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் விளையாட்டுப் பொருளிலிருந்து 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனைக் குழாய்க்குள் அடங்கும் துண்டு எதுவும் கழன்று வரக் கூடாது என்பது பல நாடுகளின் பாதுகாப்பு விதி. கடையாணி அந்த அளவுக்குள் அடங்குவது.

அடிச்சட்டத்தை ஆணியால் அடிப்பதைவிட, ஒரு சட்டத்தின் முனையை நாக்குபோலச் செதுக்கி எதிர்ச்சட்டத்துத் துளையில் இறக்குவது உறுதி. கைப்பிடி தரையிலிருந்து சுமார் ஒன்றரை அடி உயரம் இருக்கலாம். உயரத்தைவிட முக்கியமானது அதன் இடம்: கைப்பிடி பின் அச்சுக்கு நேர் மேலே அல்ல, சற்று முன்னே அமைய வேண்டும். குழந்தை எழுந்து நிற்கக் கைப்பிடியைக் கீழே அழுத்தும்போது, அது அச்சுக்குப் பின்னால் இருந்தால் முன்னுருளை தூக்கி வண்டி குழந்தைமீதே சாயும். கடைகளில் விற்கும் அழகான வண்டிகள் சிலவற்றில் இந்தக் குறை இருக்கிறது.

முனைகளை உருட்டி, உப்புத்தாளால் வழவழப்பாக்கி, உலர்த்தும் வேதிப்பொருள் கலக்காத ஆளிவிதை எண்ணெயை மெல்லிதாகத் தடவி, இறுகும்வரை காயவிட்டால் வேலை முடிந்தது. எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே தீப்பற்றக் கூடும். விரித்துக் காயவைக்க வேண்டும்.

குழந்தையை உள்ளே உட்காரவைக்கும் பிளாஸ்டிக் 'வாக்கர்' வேறு பொருள். விபத்துகள் காரணமாக கனடா அதன் விற்பனையை 2004இல் தடை செய்தது. நடைவண்டியில் குழந்தை தன் எடையைத் தானே சுமக்கிறது. நிற்கத் தெரியாதவரை அதைப் பயன்படுத்தவே முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு, பிடிமானமின்றி நடக்கத் தொடங்கும் வயதை 8.2 முதல் 17.6 மாதம்வரை எனக் கணித்தது. எனவே பிறர் வீட்டுக் குழந்தையைப் பார்த்து அவசரப்பட்டு வண்டியைக் கையில் கொடுக்க வேண்டியதில்லை. படிக்கட்டோ கிணற்றடியோ உள்ள வீட்டில், பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் நடைவண்டியையும் குழந்தையிடம் விடக் கூடாது.