இரத்தப் பரிசோதனையில் இயல்பு வரம்பு: ஒரு வரலாறு

இரத்தப் பரிசோதனை அறிக்கையில் ஒவ்வோர் அளவுக்கும் எதிரே ஒரு கீழ் எல்லையும் ஒரு மேல் எல்லையும் அச்சிடப்பட்டிருக்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியே இயல்பு வரம்பு. பேச்சு வழக்கில் இதை ‘நார்மல் ரேஞ்சு’ என்பர். முடிவு இந்த எல்லையைச் சற்றுத் தாண்டினாலும் நோய் வந்துவிட்டதாக அஞ்சுவோர் பலர். எல்லைக்குள் இருந்துவிட்டால் கவலையே இல்லை என்று எண்ணுவோரும் உண்டு. ஆனால் இந்த எண்கள் இயற்கை வகுத்தவை அல்ல. நலமான மனிதர்களை அளந்தும், கணக்கிட்டும், சில சமயம் குழுவாகக் கூடிப் பேசி முடிவு செய்தும் மனிதர்கள் வகுத்தவை. கடந்த 170 ஆண்டுகளில் இவை பலமுறை திருத்தப்பட்டுள்ளன.

முதல் எண்ணிக்கைகள்

இரத்தச் சிவப்பணுக்களை முதன்முதலில் முறையாக எண்ணியவர் ஜெர்மானிய உடலியல் அறிஞர் கார்ல் ஃபீரோர்ட். 1852ல் அவர் தமது முறையை வெளியிட்டார். மிக நுண்ணிய குழாயில் அளந்து எடுத்த இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வோர் அணுவாக எண்ண வேண்டும். ஒருமுறை எண்ணி முடிக்கச் சில மணி நேரம் ஆயிற்று. 1854ல் ஹெர்மன் வெல்கர் என்ற மற்றொரு ஜெர்மானியர், ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஆண்களுக்கு 50 லட்சம், பெண்களுக்கு 45 லட்சம் சிவப்பணுக்கள் இருப்பதாகக் குறிப்பிட்டார்.

இவ்வெண்கள் முழு எண்களாகவும் நினைவில் வைக்க எளியனவாகவும் இருந்தன. எனவே பாடநூல்களில் நிலைத்துவிட்டன. ஒரு சிலரின் இரத்தத்தை மட்டும் எண்ணிப் பெற்றவை இவை என்பது காலப்போக்கில் மறக்கப்பட்டது.

‘நூறு சதவீதம்’ என்ற குழப்பம்

அடுத்ததாக ஈமோகுளோபின் அளக்கப்பட்டது. 1878ல் லண்டன் மருத்துவர் வில்லியம் கவர்ஸ் எளிய கருவி ஒன்றை உருவாக்கினார். இரத்தத்தில் நீர் சேர்த்து, அதன் நிறத்தை ஒரு மாதிரிக் குழாயின் நிறத்தோடு ஒப்பிடுவது இதன் முறை. நலமானவரின் இரத்தம் 100 சதவீதம் என வைத்துக்கொண்டு, நோயாளியின் அளவு அதில் எத்தனை சதவீதம் என்று கூறப்பட்டது.

அந்த நலமானவர் யார் என்பதில்தான் சிக்கல் எழுந்தது. இங்கிலாந்தில் ஜான் ஸ்காட் ஹால்டேன் வகுத்த அளவுகோலில் 100 சதவீதம் என்பது 100 மி.லி. இரத்தத்தில் 13.8 கிராம் ஈமோகுளோபின். சுவிட்சர்லாந்தின் ஹெர்மன் சாலி வகுத்த அளவுகோலில் அது ஏறத்தாழ 17 கிராம். ஆகவே 13.8 கிராம் உள்ள ஒருவர் ஹால்டேன் கருவியில் முழு நலத்துடன் தோன்றுவார். சாலி கருவியில் அவருக்கு 80 சதவீதம் அளவே கிடைக்கும். இரத்தம் ஒன்றுதான், அளவுகோல் மட்டுமே வேறு. சாலியின் குழாய் இந்தியாவின் மருத்துவமனைகளிலும் ஆய்வகங்களிலும் மிக நீண்ட காலம் பயன்பட்டது என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

1960களில் உலக அளவில் ஒரே அளவீட்டு முறை பரிந்துரைக்கப்பட்டது. அதன் பிறகே சதவீதக் கணக்கு படிப்படியாக மறைந்து, கிராம் கணக்கு எங்கும் நிலைபெற்றது.

பழைய எண்களைச் சோதித்தவர்கள்

பாடநூல் எண்களை மறுபடியும் சோதிக்கும் பணி 1920களில் அமெரிக்காவில் தொடங்கியது. ஓரிகன் மாநிலத்தில் எட்வின் ஆஸ்குட் 137 நலமான இளைஞர்களின் இரத்தத்தை ஆராய்ந்து 1926ல் முடிவுகளை வெளியிட்டார். நியூ ஆர்லியன்ஸ் நகரின் டுலேன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மேக்ஸ்வெல் வின்ட்ரோப், இரத்தசோகையை ஆராய முற்பட்டபோது, நலமானவர்களின் அளவு என நூல்கள் கூறியவை ஃபீரோர்ட், வெல்கர் காலத்துச் சில எண்ணிக்கைகளையே சார்ந்திருப்பதைக் கண்டார். ஒப்பிட வேண்டிய அளவே உறுதியாக இல்லாதபோது, நோயாளியின் இரத்தம் குறைந்திருக்கிறது என்று எவ்வாறு கூறுவது? எனவே அவர் முதலில் நலமான இளைஞர்களையும் இளம்பெண்களையும் அளந்தார்.

வின்ட்ரோப் தமக்கென ஒரு குழாயையும் வடிவமைத்தார். இரத்தத்தை அதில் சுழற்றிப் படியவைத்து, அணுக்கள் எத்தனை பங்கு என அறிய முடிந்தது. சிவப்பணுவின் சராசரிக் கன அளவு, அதிலுள்ள ஈமோகுளோபின் அளவு ஆகியவற்றைக் கணக்கிடும் முறையையும் அவரே வகுத்தார். இன்றைய இரத்த அறிக்கைகளில் எம்.சி.வி., எம்.சி.எச். எனக் காணப்படுபவை இவையே.

அவருடைய பாடநூலில் ஆண்களுக்குச் சிவப்பணு எண்ணிக்கை 54 லட்சம், அதிலிருந்து 8 லட்சம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்றும், பெண்களுக்கு 48 லட்சம், அதிலிருந்து 6 லட்சம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்றும் காணப்பட்டது. வெல்கரின் எண்களைவிட இவை உயர்ந்தவை. அதைவிட முக்கியமான மாற்றம், ஓர் எண் இருந்த இடத்தில் ஒரு வரம்பு வந்ததாகும். நலமான மனிதர்கள் தம்முள் வேறுபடுவர் என்பதை அது ஏற்றுக்கொண்டது.

நூறில் ஐவர்

இன்று வரம்பு வகுக்கும் பொதுவான முறை எளியது. நலமானவர்கள் பலரை அளந்து, முடிவுகளைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துவர். கீழ் முனையில் 2.5 சதவீதத்தையும் மேல் முனையில் 2.5 சதவீதத்தையும் விலக்கிவிட்டு, நடுவிலுள்ள 95 சதவீதத்தை வரம்பாகக் கொள்வர். குறைந்தது 120 பேரை அளக்க வேண்டும் என்பது சர்வதேசப் பரிந்துரை. 120 பேரை அளந்தாலும் ஒவ்வொரு முனையிலும் விலக்கப்படுவோர் 3 பேர் மட்டுமே. அந்த மூவரைச் சார்ந்தே எல்லை அமைகிறது.

இம்முறையின்படி, எந்த நோயும் இல்லாத 100 பேரில் 5 பேர் வரம்புக்கு வெளியே இருப்பர். சோதனைகளின் எண்ணிக்கை பெருகும்போது இது மேலும் கூடும். 1960களில் ஒரே மாதிரியில் 12 சோதனைகளைச் செய்யும் தானியங்கிக் கருவிகள் வந்தன. அச்சோதனைகள் ஒன்றையொன்று சாராதவை எனக் கொண்டால், 12லும் வரம்புக்குள் இருக்கும் நலமானவர்கள் 100க்கு 54 பேர் மட்டுமே. ஏனைய 46 பேருக்கு ஏதேனும் ஒன்றாவது வரம்பை மீறும். இன்றைய ‘முழு உடல் பரிசோதனை’ அறிக்கைகளில் ஓரிரு எண்கள் தடித்த எழுத்தில் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

‘இயல்பு’ என்ற சொல்லே தவறான பொருள் தருவதை உணர்ந்து, 1969ல் பின்லாந்தின் ரால்ஃப் கிரெஸ்பெக், நில்ஸ்-எரிக் சாரிஸ் ஆகியோர் ‘ஒப்பீட்டு அளவு’ என்ற கருத்தை முன்வைத்தனர். எந்த மக்களை, எந்த நிலையில், எந்த முறையில் அளந்தனர் என்பதைத் தெரிவித்துவிட்டு, அவர்களோடு ஒப்பிடுவதே சரி என்பது அவர்களின் கருத்து. சர்வதேச மருத்துவ வேதியியல் கூட்டமைப்பு இதை ஏற்று விரிவான பரிந்துரைகளை வெளியிட்டது. இன்று பல அறிக்கைகளில் ‘ஒப்பீட்டு வரம்பு’ என்னும் பொருள்படும் சொல்லே அச்சிடப்படுகிறது.

முடிவு எல்லைகள்

சில சோதனைகளில் 95 சதவீதக் கணக்கு பயன்படுவதில்லை. எந்த அளவிலிருந்து தீங்கு தொடங்குகிறது என்பதைப் பார்த்து அவற்றின் எல்லை வகுக்கப்படுகிறது. கொலஸ்டிராலுக்கு 95 சதவீத முறையைப் பின்பற்றினால், நடுவயது அமெரிக்கர்களுக்கு மேல் எல்லை 250 மி.கி.யைத் தாண்டிவிடும். மாரடைப்பு மிகுந்த சமூகத்தில் பெரும்பாலோரின் அளவு நலத்திற்கு அடையாளம் ஆகாது. எனவே 1988ல் அமெரிக்கத் தேசியத் திட்டம் ஒன்று 200 மி.கி.க்குக் கீழ் இருப்பதே விரும்பத்தக்கது என அறிவித்தது.

நீரிழிவிலும் இதுவே நிகழ்ந்தது. வெறும் வயிற்றில் 100 மி.லி.க்கு 140 மி.கி. சர்க்கரை என்றிருந்த எல்லையை 1997ல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 126 மி.கி. ஆகக் குறைத்தது. கண் விழித்திரைப் பாதிப்பு எந்த அளவிலிருந்து கூடுகிறது என்பது இதற்கு ஒரு முக்கிய ஆதாரம். 130 மி.கி. உடைய ஒருவர் உடலில் எந்த மாற்றமும் இல்லாமலே நீரிழிவு நோயாளியானார். 2003ல் அச்சங்கம் நீரிழிவுக்கு முந்தைய நிலையின் தொடக்கத்தை 110லிருந்து 100 மி.கி.க்கு இறக்கியது. உலக சுகாதார நிறுவனம் 110ஐயே தொடர்கிறது. ஆகவே 105 மி.கி. என்ற முடிவு ஒரு கணக்கில் எச்சரிக்கை, மற்றொரு கணக்கில் இயல்பு.

யாரை அளந்தனர்?

வரம்பு யாரிடமிருந்து பெறப்பட்டதோ அவர்களைப் போன்றோருக்கே அது நன்கு பொருந்தும். ஆப்பிரிக்க வழியினர் பலருக்கு நியூட்ரோபில் என்னும் வெள்ளையணுக்கள் பரம்பரையாகவே குறைவு. அதனால் அவர்களுக்குத் தீங்கு இல்லை. ஐரோப்பிய வழியினரை வைத்து வகுத்த வரம்பில் இது குறைபாடாகத் தோன்றியது. கடும் மனநோய்க்கான குளோசபின் மருந்தைத் தர வெள்ளையணு எண்ணிக்கை பார்ப்பது கட்டாயமாக இருந்தது. எனவே சிலருக்கு அம்மருந்து மறுக்கப்பட்டது அல்லது நிறுத்தப்பட்டது. 2015ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இவர்களுக்குத் தனியே குறைந்த எல்லையை அனுமதித்தது.

இரத்தசோகைக்கு 1968ல் உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கை ஆண்களுக்கு 13 கிராம், பெண்களுக்கு 12, கர்ப்பிணிகளுக்கு 11 என எல்லை வகுத்தது. கர்ப்ப காலத்தில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுவதால் ஈமோகுளோபின் அடர்த்தி குறைவது இயற்கை. ஆகவே அவர்களுக்கு எல்லையும் குறைவு. இந்தியக் குழந்தைகளின் தேசிய அளவிலான தரவுகளை ஆராய்ந்து 2021ல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வெளியான கட்டுரை, நலமான இந்தியக் குழந்தைகளுக்கு எல்லை மேலும் குறைவாக இருக்கலாம் என்று வாதிட்டது. எல்லையைக் குறைத்தால் சத்துக்குறைவுள்ள பிள்ளைகள் கணக்கிலிருந்து விடுபடலாம். உயர்த்தி வைத்தால் தேவையற்றோருக்கும் இரும்புச்சத்து மாத்திரை தரப்படலாம். 2024ல் உலக சுகாதார நிறுவனம் தன் எல்லைகளைத் திருத்தி, 6 முதல் 23 மாதக் குழந்தைகளுக்கு 11 கிராமிலிருந்து 10.5 கிராமாகக் குறைத்தது.

அறிக்கையைப் படிக்கும்போது

ஆய்வகங்களின் கருவியும் முறையும் வேறுபடுவதால் வரம்புகளும் சற்று வேறுபடும். ஓர் ஆய்வகத்தின் முடிவை மற்றோர் ஆய்வகத்தின் வரம்போடு ஒப்பிடலாகாது. வயது, பாலினம், கர்ப்பம், சோதனைக்கு முன் உண்டது ஆகியவையும் கருதப்பட வேண்டியவை. ஒருவரின் முந்தைய அறிக்கைகள் பொதுவான வரம்பைவிடச் சில சமயம் கூடுதலாகப் பயன்படும். ஈமோகுளோபின் ஆண்டுதோறும் 15.5 கிராம் இருந்த ஆண் ஒருவருக்கு அது 13.2 ஆக இறங்கினால், அந்த எண் வரம்புக்குள்தான் இருக்கும். ஆயினும் அவர் மருத்துவரிடம் காரணம் கேட்டறிவது நல்லது.