ரோஜா முள் சொன்ன சேதி

விரலில் முள் தைத்து, எடுக்காமல் விட்டுவிட்டால் அவ்விடம் சிவந்து வீங்கிச் சீழ் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சீழில் நிறைந்திருப்பவை இரத்தத்தின் வெள்ளணுக்களே. அவற்றினுள் கிருமிகள் கிடப்பதை 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்களும் கண்டனர். ஆனால், கிருமிகளைச் சுமந்து சென்று உடலெங்கும் பரப்புவதே இவற்றின் வேலை என்று பலர் எண்ணினர். காவலனைக் கள்வன் என்றார்கள்!

1882இல் ருஷ்ய விலங்கியலறிஞர் மெச்னிகாவ் இத்தாலியின் மெசினா நகரில் தங்கியிருந்தார். ஒருநாள் வீட்டார் சர்க்கஸ் பார்க்கப் போய்விட, இவர் மட்டும் நுண்பெருக்கியின் முன் அமர்ந்திருந்தார். அதனடியில் நட்சத்திர மீனின் இளவுயிரி. கண்ணாடி போன்ற அதன் உடலுக்குள் சில செல்கள் ஊர்ந்து திரிந்தன. அன்னியப் பொருள் ஏதேனும் புகுந்தால் இவை என்ன செய்யும்? தோட்டத்து ரோஜா முட்கள் சிலவற்றை அதன் தோலுக்கடியில் செருகினார். இரவெல்லாம் உறக்கமில்லை. விடிந்ததும் பார்த்தார். முள்ளைச் செல்கள் மொய்த்திருந்தன! அந்த இளவுயிரிக்கு இரத்தக் குழாய்களே கிடையாது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

முள் உயிரற்றது. கிருமியானால்? 1884இல் நீர்த்தெள்ளு என்னும் சிற்றுயிரின் உடலில் புகுந்த பூஞ்சை வித்துகளைச் செல்கள் விழுங்கிச் செரிப்பதைக் கண்டார். செல்கள் முந்தினால் தெள்ளு பிழைத்தது. வித்துகள் முளைத்துப் பெருகினால் மடிந்தது.

ஜெர்மானிய அறிஞர் பலர் இதை ஏற்கவில்லை. 1890இல் பேரிங்கும் கிட்டசாட்டோவும் இரண ஜன்னி நஞ்சை முறிக்கும் ஆற்றல் இரத்த நீரில் இருப்பதைக் காட்டியதும் சச்சரவு முற்றியது. செல்லா, நீரா? 1903இல் லண்டனில் ரைட்டும் டக்ளஸும் விடை கண்டனர். இரத்த நீரிலுள்ள பொருள்கள் கிருமியின் மேல் படிந்தால், வெள்ளணுக்கள் அதை எளிதில் விழுங்கிவிடுகின்றன!

1908இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை மெச்னிகாவும் எதிரணியைச் சேர்ந்த எர்லிக்கும் பகிர்ந்துகொண்டனர்.