முதல் ஹாஃப் மாரத்தான் ஓடப் போறீங்களா? முதல் 5 கிலோமீட்டரில் கவனம்!

விடியற்காலை இருட்டு, ஸ்பீக்கரில் பாட்டு, சுற்றிலும் ஆயிரக்கணக்கானோர். தொடங்கியதும் எல்லோரும் பாய்கிறார்கள், நாமும் பாய்கிறோம். முதல்முறை ஓடுபவர்கள் 15-வது கிலோமீட்டரில் தள்ளாடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

எப்படித் தயாராவது?

ஹாஃப் மாரத்தானின் தூரம் 21.0975 கி.மீ. ஏற்கெனவே 7, 8 கி.மீ நிற்காமல் ஓடுபவருக்கு 12 வாரப் பயிற்சி போதும். வாரத்தில் 3 அல்லது 4 நாள் ஓடினால் போதும். அதில் ஒருநாள் மட்டும் நீண்ட, நிதானமான ஓட்டம். அந்த தூரத்தை வாரம் ஒரு கி.மீ வீதம் கூட்டி, மூன்று, நாலு வாரத்துக்கு ஒருமுறை குறைத்து, கடைசியில் 16 முதல் 18 கி.மீ வரை வந்தால் போதும். முழு 21-ஐயும் முன்கூட்டியே ஓடிப் பார்க்கத் தேவையில்லை. போட்டிக்கு முந்தைய இரண்டு வாரம் தூரத்தைக் குறைத்துவிடுங்கள். விட்டுப்போன பயிற்சியை அப்போது சேர்த்து ஓடினால் காலில் வலிதான் மிஞ்சும்.

வேகக் கணக்கு

10 கி.மீட்டரை 70 நிமிடத்தில் ஓடுகிறீர்கள் என்றால், கிலோமீட்டருக்கு 7 நிமிடம். ஹாஃபுக்கு 7.30 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் சுமார் 2 மணி 38 நிமிடத்தில் முடிக்கலாம். முதல் 5 கி.மீட்டரை 8 நிமிட வேகத்தில் ஓடுங்கள். இதனால் நஷ்டம் வெறும் இரண்டரை நிமிடம்தான். ஆரம்பத்திலேயே பாய்ந்து, கடைசி 6 கி.மீட்டரைக் கிலோமீட்டருக்கு 11 நிமிடம் என நடந்தால்? 21 நிமிடம் போச்சு!

வேகம் கூடினால் தசையில் சேமித்த கிளைகோஜன் சீக்கிரம் தீரும், உடல் சூடும் ஏறும். சென்னை மாதிரி கடலோர ஊரில் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் வியர்வை எளிதில் ஆவியாகாது, சூடு இறங்காது. அதனால் வாட்சைவிட மூச்சை நம்புங்க. பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி. தண்ணீர் கொடுக்கும் இடத்தில் ஒரு நிமிடம் நடப்பது கேவலமில்லை. போட்டியின் கட்-ஆஃப் நேரத்தை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரும் அளவோடுதான்

தாகத்துக்குக் குடியுங்கள். பயந்துபோய் ஒவ்வொரு இடத்திலும் வயிறு முட்டக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் அளவு சரியும். குமட்டல், குழப்பம் வரும். முற்றினால் உயிருக்கே ஆபத்து. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடவும் வேண்டாம், சிறுநீரகத்துக்குக் கெடுதல். புது ஷூ, புது உணவு எதையும் அன்றைக்குச் சோதிக்காதீங்க. பயிற்சியில் ஒத்துக்கொண்ட இட்லியோ வாழைப்பழமோ போதும்.

எப்போது நிறுத்தணும்?

நெஞ்சு வலி, தலைசுற்றல், எங்கே இருக்கிறோம் என்றே புரியாத குழப்பம். இதில் ஒன்று வந்தாலும் உடனே நின்று மருத்துவக் குழுவைக் கூப்பிடுங்கள். மெடல் அடுத்த வருஷமும் கிடைக்கும். சர்க்கரை, பிபி, இதயப் பிரச்சினை உள்ளவர்கள், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தவர்கள் பயிற்சிக்கு முன்பே டாக்டரைப் பார்ப்பது அவசியம்.

ஓடி முடித்ததும் பொத்தென்று உட்காராதீங்க. ரத்தம் காலிலேயே தேங்கி மயக்கம் வரலாம். பத்து நிமிடம் மெதுவாக நடந்துவிட்டு, அப்புறம் செல்ஃபி எடுங்க.